007 சலித்துப்போன தயாரிப்பாளர்கள்

2025 பிப்ரவரி 20 அன்று அமேசான் எம்.ஜி.எம். ஸ்டுடியோவிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஜேம்ஸ் பாண்ட் படங்களை யார் இயக்குவது, யார் நடிப்பது, எப்போது எடுப்பது என்ற முடிவுகளெல்லாம் இனி ஸ்டுடியோவின் கையில். அதுவரை அந்த முடிவுகளை எடுத்துவந்த பார்பரா பிராக்கோலியும் மைக்கேல் ஜி. வில்சனும் சொத்தில் பங்குதாரர்களாக மட்டும் நீடிப்பார்கள். இருவரும் ஒரு தாய் பிள்ளைகள். எண்பதைத் தாண்டிய வில்சன், கலைப் பணிகளிலும் அறப்பணிகளிலும் ஈடுபடப் போவதாகச் சொல்லி ஒதுங்கினார். பார்பரா, தன்னுடைய மற்ற படைப்புகளைக் கவனிக்கும் நேரம் வந்துவிட்டது என்றார். அன்றே அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் எக்ஸ் தளத்தில், அடுத்த பாண்டாக யாரைப் போடலாம் என்று ஊரைக் கேட்டார். அறுபது வருடங்களாக ஒரு குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்த விஷயம் அது.

ஏன் விட்டார்கள் என்பதற்கு உடனே கிடைத்த பதில்கள் இரண்டு. ஒன்று, அமேசானோடு சண்டை. இன்னொன்று, பணம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அமேசான் உள்ளே வருவதற்கு முன்பே, தாங்கள் அறுபது வருடம் காப்பாற்றிய நாயகனை இவர்களே திரையில் கொன்று முடித்திருந்தார்கள். அதற்கு முந்தைய படத்துக்கும் அந்தப் படத்துக்கும் இடையே ஆறு வருடம். இதைச் சண்டையாலோ பணத்தாலோ மட்டும் விளக்க முடியாது. பாண்ட் தயாரிப்பாளர்களுக்குப் பாண்ட் சலித்துப்போவது இது முதல் தடவையும் அல்ல. 1970-களில் ஒருவருக்குச் சலித்தது, 1990-இல் இன்னொருவருக்கு. மூன்று தடவையும் சலிப்பு எப்படி முடிந்தது என்பதைத் தீர்மானித்தது அவரவர் மனநிலை அல்ல. பத்திரத்தில் இருந்த பாதிப் பங்குதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். நமக்குத் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். வட்டிக்கு வாங்கியாவது படத்தை முடித்து, ரிலீஸ் அன்று தியேட்டர் வாசலில் தவிக்கிறவர். 2025 வரை இருந்த பாண்ட் படத் தயாரிப்பாளர் அந்த ரகம் இல்லை. படத்துக்கான பணம் ஸ்டுடியோவுடையது, விநியோகமும் அதனுடையது. தயாரிப்பாளரிடம் இருந்தது கதை உரிமையும், 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரமும். திரைக்கதையில் எந்த வரி இருக்க வேண்டும், எந்த நடிகர், வில்லனின் கோட்டை எப்படி இருக்கும், எந்தக் கடிகாரம் கையில் என்பதுவரை, குடும்பத்தின் தயாரிப்பு நிறுவனமான ஈயானின் லண்டன் அலுவலகம்தான் முடிவு செய்தது. இயக்குநர்கள் வந்து போவார்கள். நடிகர்களும் அப்படித்தான். பாண்ட் படத்தை எழுதுகிறவர் யார் என்று கேட்டால், என் கணக்கில் தயாரிப்பாளர்தான். அவருக்கு ஆர்வம் குறைந்தால் அதை ஈடுகட்ட வேறு ஆள் இருக்கவில்லை.

பாண்டைப் படைத்தவருக்கே அவன்மேல் சீக்கிரம் சலிப்பு வந்துவிட்டது. 1953-இல் முதல் நாவலை வெளியிட்ட இயான் ஃபிளெமிங், 1957-இல் வந்த ஐந்தாவது நாவலின் கடைசிப் பக்கத்தில் பாண்டை விஷக்கத்தியால் குத்தவைத்துத் தரையில் சாய்த்தார். பிறகு மனம் மாறி அடுத்த நாவலில் எழுப்பிவிட்டார்.

திரைக்கு வருவோம். ஹாரி சால்ட்ஸ்மன் கனடாவில் பிறந்தவர். பாண்டுக்கு முன்னால் அவர் செய்துகொண்டிருந்த வேலையைக் கேட்டால் நம்பச் சற்றுச் சிரமம். நாடக ஆசிரியர் ஜான் ஆஸ்பர்ன், இயக்குநர் டோனி ரிச்சர்ட்சன் இருவரோடும் சேர்ந்து வுட்ஃபால் என்ற நிறுவனத்தை நடத்தி, 'லுக் பேக் இன் ஆங்கர்', 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' மாதிரியான படங்களை எடுத்தவர். ஆலைத் தொழிலாளிகள், குடியிருப்புச் சந்துகள், கசப்பு, கோபம். பிரிட்டிஷ் சினிமாவை வீதிக்கு இறக்கிய படங்கள் அவை. அந்த மனிதர் 1961-இல் 50,000 டாலர் கொடுத்து, ஆறு மாதக் கெடுவில் ஃபிளெமிங் நாவல்களில் பெரும்பாலானவற்றின் உரிமையை வாங்கினார். கெடு முடிய சில வாரங்களே இருக்கும்போதும் படமெடுக்கப் பணம் தர யாரும் கிடைக்கவில்லை.

அப்போது வந்து சேர்ந்தவர் ஆல்பர்ட் பிராக்கோலி. 'கப்பி' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நியூயார்க்கில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் ஆக்‌ஷன் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். பாண்ட் நாவல்கள் மேல் அவருக்கு நெடுநாள் கண். ஆனால் அவருடைய அன்றைய பங்காளி இர்விங் ஆலன், இது தொலைக்காட்சிக்குக்கூடத் தேறாது என்று ஃபிளெமிங் தரப்பிடம் முகத்துக்கு நேரே சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டார் என்பார்கள். சால்ட்ஸ்மனிடம் உரிமை இருந்தது. கப்பியிடம் ஆசையும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்டுடியோவின் தொடர்பும் இருந்தன. ஆளுக்குப் பாதி என்று கைகுலுக்கினார்கள். தங்கள் மனைவிகள் டானா, ஜாக்குலின் இருவர் பெயரின் முன்பாதிகளையும் ஒட்டி டான்ஜாக் என்று உரிமை நிறுவனத்துக்குப் பெயர் வைத்தார்கள். சுமார் 10 லட்சம் டாலரில் எடுத்த 'டாக்டர் நோ' 1962 அக்டோபரில் வெளியானது.

அதற்குப் பிறகு நடந்தது தெரிந்த கதை. தெரியாத பாதி, அந்த வெற்றிக்கு நடுவில் சால்ட்ஸ்மன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. 1965-இல், பாண்ட் மோகம் உச்சத்தில் இருந்த வருடம், அவர் லென் டெய்டனின் நாவலை எடுத்து 'தி இப்கிரஸ் ஃபைல்' தயாரித்தார். மைக்கேல் கெய்ன் நடித்த அந்த உளவாளி கண்ணாடி போட்டவன், சம்பள உயர்வு பற்றிக் கவலைப்படுபவன், சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு நிற்பவன், வீட்டில் தானே சமைப்பவன். பாண்ட் எதுவெல்லாம் இல்லையோ அதுவெல்லாம் அவன். இசை ஜான் பேரி, கலை இயக்கம் கென் ஆடம், படத்தொகுப்பு பீட்டர் ஹன்ட். மூவரும் பாண்ட் படக் குழுவின் தூண்கள். பாண்டால் சம்பாதித்த பணத்தையும் பாண்டுக்குச் சேர்ந்த ஆட்களையும் கொண்டு பாண்டுக்கு எதிர்ப்படம் எடுத்தவர் சால்ட்ஸ்மன். ஒரு தயாரிப்பாளரின் ஆர்வம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே உளவாளியை வைத்து 1966, 1967-இல் இன்னும் இரண்டு படம்.

அதோடு நிற்கவில்லை. ஆர்சன் வெல்ஸ் தன் 'சைம்ஸ் அட் மிட்நைட்' படத்துக்குப் பணம் தேடி அலைந்தபோது கைகொடுத்தவர்களில் சால்ட்ஸ்மன் ஒருவர். 1969-இல் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்': இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் போர் விமானங்களை ஊர் ஊராகத் தேடித் திரட்டி எடுத்த பிரம்மாண்டம். போட்ட பணத்தை எடுக்கத் திணறியது. 1970-இல் ஒலிவியா நியூட்டன் ஜான் நடித்த ஓர் அறிவியல் புனைவு இசைப்படம், வந்த சுவடு தெரியாமல் போனது. இடையில் டெக்னிகலர் நிறுவனத்தின் பங்குகளை வாங்கிக் குவித்து நிர்வாகத்தைப் பிடிக்கப் போய், பிடித்த வேகத்தில் இழந்தார்.

கப்பிக்கு இதெல்லாம் புரியவில்லை. 1968-இல் வந்த ஒரு குழந்தைகள் படத்தைத் தவிர, பத்து வருடத்தில் பாண்டை விட்டு அவர் பெரிதாக நகரவில்லை. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதால் 1970-களின் தொடக்கத்தில் படத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து வேலை செய்தார்கள். 1973-இன் 'லிவ் அண்ட் லெட் டை' சால்ட்ஸ்மன் பொறுப்பு. அடுத்த வருடத்தின் 'தி மேன் வித் த கோல்டன் கன்' கப்பி பொறுப்பு. இந்த இரண்டாவது படத்தைப் பற்றி பாண்ட் வட்டாரத்தில் சலிக்காமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. தாய்லாந்தில் யானைக் கூட்டம் ஓடும் காட்சி வேண்டும் என்று சால்ட்ஸ்மனுக்குத் தோன்றியதாம். கரடுமுரடான தரையில் ஓட யானைகளுக்குக் காலணி வேண்டும் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்துவிட்டாராம். திரைக்கதையில் யானைக் காட்சியே இல்லை. ஒருநாள் செருப்புத் தைத்தவர் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து பணத்துக்கு நின்றாராம். கதையில் மசாலா கூடியிருக்கலாம். ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்பது விளங்குகிறது. அவருக்குத் தினமும் ஒரு புதுச் சங்கதி வேண்டும். பாண்டோ, ரசிகனுக்குப் பழக்கமான அதே சங்கதியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித் தரவேண்டிய வேலை.

சலித்ததோடு போயிருந்தால் நஷ்டமில்லை. பிற வியாபாரங்களுக்காக வாங்கிய கடனுக்கு, டான்ஜாக்கில் தனக்கிருந்த பாதிப் பங்கைச் சுவிஸ் வங்கியில் சால்ட்ஸ்மன் ஈடு வைத்திருந்தார். கூட்டாளிக்குத் தெரியாமல் அப்படிச் செய்யக்கூடாது என்பது ஒப்பந்தம் என்றார் கப்பி. வங்கி கழுத்தைப் பிடித்தது. பாகம் பிரிக்காத பூர்விக வீட்டில் ஒரு பங்காளி தன் பங்கை அடமானம் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. கோர்ட், வக்கீல், வருடக்கணக்கில் இழுபறி. அதுவரை அடுத்த படத்துக்கு ஒரு செங்கல் வைக்க முடியாது. கடைசியில் 1975-இல் சால்ட்ஸ்மன் தன் பங்கை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு விற்றார். மனைவி ஜாக்குலினுக்குப் புற்றுநோய் என்ற துயரமும் அந்த வருடங்களில் கூடவே ஓடியது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு தோல்விக் கதை. நான் அப்படிப் படிக்கவில்லை. 1994-இல் இறப்பதற்கு முன் சால்ட்ஸ்மன் பெயர் வந்த கடைசிப் படங்களில் ஒன்று எமீர் குஸ்துரிட்சாவின் 'டைம் ஆஃப் த ஜிப்ஸீஸ்'. 1989-இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற படம். ஆஸ்பர்னில் தொடங்கி வெல்ஸ் வழியாகக் குஸ்துரிட்சா வரை போன ஒரு பாதையில், பாண்ட் நடுவில் வந்து பணம் கொட்டிய ஒரு நிறுத்தம். சால்ட்ஸ்மனுக்குச் சினிமா சலிக்கவில்லை. பாண்ட் சலித்தது. இந்த இரண்டையும் ஒன்றென நினைத்து எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் அவர் விற்ற விதம் அடுத்த ஐம்பது வருடத்துக்கான விதையைப் போட்டுவிட்டது. அதுவரை இரண்டு தயாரிப்பாளர்களுக்குள் இருந்த சொத்தில் இப்போது ஸ்டுடியோ பங்காளி. பின்னால் கணக்குவழக்குகள் மாறினாலும், குடும்பமும் ஸ்டுடியோவும் சேர்ந்துதான் உரிமையாளர்கள் என்ற அடிப்படை மாறவே இல்லை. ஸ்டுடியோ மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1981-இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸை எம்.ஜி.எம். வாங்கியது. எம்.ஜி.எம்.மை அதன் பிறகு யார் யாரோ வாங்கினார்கள், விற்றார்கள், 2010-இல் அது திவாலும் ஆனது. ஒவ்வொரு தடவையும் பிராக்கோலி குடும்பம் முன்பின் தெரியாத ஒரு பங்காளியோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

தனியாளாக நின்ற கப்பி, தன் பசி தீரவில்லை என்று காட்டியது அடுத்த படத்தில். 'கோல்டன் கன்' 10 கோடி டாலரை எட்டாமல் போயிருந்த நேரம். பட்ஜெட்டைக் குறைப்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். 1977-இன் 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்துக்குச் செலவு இரட்டிப்பானது: 70 லட்சத்திலிருந்து 1.4 கோடி டாலர். நீர்மூழ்கிக் கப்பல்களை விழுங்கும் கப்பலின் உட்புறத்தைக் காட்ட எந்த அரங்கும் போதவில்லை என்று, லண்டன் அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் அதற்கென்றே ஒரு மாபெரும் அரங்கத்தைக் கட்டினார்கள். வசூல் 18 கோடியைத் தாண்டியது.

அந்தக் கப்பிக்கும் ஒருநாள் கை ஓய்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1989-இன் 'லைசென்ஸ் டு கில்' அமெரிக்காவில் வெறும் 3.4 கோடி டாலரோடு நின்றுபோனது. எம்.ஜி.எம்.மை வாங்க வந்த இத்தாலியர் ஜியான்கார்லோ பாரெட்டி, அந்தப் பணத்தைப் புரட்டுவதற்காகப் பாண்ட் படங்களின் தொலைக்காட்சி உரிமைகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார் என்று வழக்கு. கப்பிக்கு வயது 81. 1990-இல் டான்ஜாக்கை விற்பனைக்கு வைத்தார். வாங்குவதற்கு ஆட்கள் வந்து விசாரித்தார்கள். விற்பனை நடக்கவில்லை. வழக்கு முடிய வருடங்கள் ஆயின. அதற்குள் கப்பி நோயில் விழ, பொறுப்பு மகள் பார்பராவிடமும், மனைவி டானாவின் முந்தைய திருமணத்து மகன் வில்சனிடமும் வந்தது. அன்று மட்டும் கைமாறியிருந்தால், இன்று அமேசானைத் திட்டுகிறவர்கள் முப்பது வருடம் முன்பே வேறு யாரையோ திட்டி முடித்திருப்பார்கள்.

பார்பரா 1960-இல், அதாவது முதல் படத்துக்கு இரண்டு வருடம் முன், பிறந்தவர். படப்பிடிப்புத் தளங்களில் வளர்ந்தார். உதய்பூரில் எடுத்து 1983-இல் வெளியான 'ஆக்டோபுஸி' படத்தில், சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் ஆட்டோ ஓட்டியபடி டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுவாரே, அந்தப் படத்தின் உதவியாளர்களில் அவரும் ஒருவர். வில்சன் வக்கீலாக உள்ளே வந்தவர். 1980-களில் ஐந்து படங்களுக்குத் திரைக்கதை எழுதியதில் பங்குண்டு. ஒரு ஓரத்தில் ஒரு நொடி தலைகாட்டிவிட்டுப் போவது அவருக்கு வழக்கம். 1995-இன் 'கோல்டன்ஐ' 35 கோடி டாலர் தாண்டியபோது, இவர்கள் அப்பாவின் பெயரால் மட்டும் நிற்கவில்லை என்று தெரிந்தது.

இவர்களுடைய ஆர்வம் எப்படிப்பட்டது என்பதற்கு 2003-இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 'டை அனதர் டே' படத்தில் ஹாலி பெர்ரி நடித்த ஜின்க்ஸ் என்ற உளவாளியை வைத்துத் தனிப்படம் எடுக்க ஈயான் ஆசைப்பட்டது. திரைக்கதை எழுதி, இயக்குநராக ஸ்டீஃபன் ஃபிரியர்ஸைப் பிடித்தார்கள். பட்ஜெட்டைப் பார்த்து எம்.ஜி.எம். மறுத்துவிட்டது. இருபது வருடம் கழித்து அமேசான் கிளைக்கதைகள் எடுக்கலாம் என்று கேட்டபோது பார்பரா மறுத்தது எல்லோருக்கும் தெரியும். 'பாண்டைக் கூறுபோட விடமாட்டார், பழமைவாதி' என்று அதை வைத்துப் பேசுகிறவர்கள் இந்த 2003-ஐ மறந்துவிடுகிறார்கள். கிளைக்கதை அவருக்கு ஆகாத பண்டமல்ல. யார் கேட்கிறார்கள், அதை யார் எழுதப்போகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

ஜின்க்ஸ் கைநழுவிய கையோடு, அண்ணனும் தங்கையும் பெரிய சூதாட்டம் ஒன்றை ஆடினார்கள். 'டை அனதர் டே' அதுவரை வந்த பாண்ட் படங்களிலேயே அதிக வசூல் செய்தது. பியர்ஸ் பிராஸ்னன் இன்னொரு படத்துக்குத் தயார். அப்படியே ஓட்டியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கார் வரைக்கும் போய்விட்ட பிறகு அடுத்து என்ன என்று அவர்களுக்கே அலுத்துவிட்டது. பிராஸ்னனை அனுப்பிவிட்டு, 1999-இல்தான் தங்கள் வசம் வந்திருந்த 'கசினோ ரயால்' நாவலைத் தூசி தட்டி, யாரும் ஏற்காத டேனியல் கிரெய்க்கைக் கொண்டுவந்தார்கள். இணையத்தில் புறக்கணிப்புப் பிரசாரமே நடந்தது. 2006-இல் படம் வந்ததும் வாயடைத்தது. சலிப்பைப் படமாக மாற்றத் தெரிந்தவர்கள் என்று இவர்களை நான் மதிப்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் கிரெய்க் பாண்ட் அவர்களையும் மாற்றியது. ரோஜர் மூர் 12 வருடத்தில் ஏழு படம் நடித்தார். பிராஸ்னன் ஏழு வருடத்தில் நான்கு. கிரெய்க் 15 வருடத்தில் ஐந்தே படம். எம்.ஜி.எம். திவால், கொரோனா என்று வெளிக் காரணங்கள் உண்டு. அவை மட்டும் அல்ல. முன்பு ஒவ்வொரு படமும் தனி. வில்லன் சாவான், பாண்ட் படகில் ஏறிப்போவான், அடுத்ததைத் தொடங்கிவிடலாம். கிரெய்க் படங்கள் ஒரே மனிதனின் காதல், இழப்பு, குற்றவுணர்ச்சி என்று சங்கிலியாகப் பிணைந்தவை. 'ஸ்கைஃபால்' 110 கோடி டாலர் அள்ளியது; அந்த உயரத்துக்கு அடுத்த கதையை எழுத ஒவ்வொரு தடவையும் எல்லோரும் திண்டாடினார்கள். 'ஸ்பெக்டர்' முடிந்ததும் கிரெய்க் பேட்டிகளில் தன் அலுப்பை ஒளிக்கவில்லை. அடுத்த படத்துக்கு வந்த டேனி பாயில் 2018-இல் கருத்து வேறுபாட்டால் வெளியேறினார். 2021-இல் ஒருவழியாக வெளிவந்த 'நோ டைம் டு டை' படத்தில் ஏவுகணை மழையில் பாண்ட் சாகிறான்.

அந்த முடிவு திடீரென்று எடுத்தது அல்ல. 2006-இல் 'கசினோ ரயால்' வெளியான நேரத்திலேயே, பெர்லினில் காரில் போகும்போது, என் கடைசிப் படத்தில் அவனைச் சாகடிக்கலாமா என்று கிரெய்க் கேட்டதாகவும் பார்பரா சம்மதித்ததாகவும் இருவரும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நடிகரோடு சேர்ந்து ஒரு முழுக்கதையை முடிக்கவேண்டும் என்று 15 வருடம் உழைத்தவருக்கு, அது முடிந்த மறுநாள் 'அடுத்தது எப்போது?' என்ற கேள்வி எப்படி இருந்திருக்கும்! படத்தின் கடைசியில் 'ஜேம்ஸ் பாண்ட் திரும்பி வருவார்' என்ற வழக்கமான வரி வந்தது. எப்படி வருவார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. 2022-இல் பார்பராவே திரைக்கதை இல்லை, நடிகர் இல்லை, படப்பிடிப்புக்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகும் என்று பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த வெற்றிடத்தில்தான் அமேசான் நுழைந்தது. 845 கோடி டாலருக்கு எம்.ஜி.எம்.மை வாங்குவதாக 2021 மே மாதம் அறிவித்து, 2022 மார்ச்சில் முடித்தது. எம்.ஜி.எம்.மின் பொக்கிஷத்தில் பாண்ட் தலையாய நகை; ஆனால் சாவி பூட்டுக்குப் பொருந்தவில்லை. பாண்டில் தங்கள் பங்கு பாதிதான், குடும்பம் சம்மதிக்காமல் ஒரு காட்சிகூட எடுக்க முடியாது. தியேட்டர்களுக்காகத்தான் பாண்ட் படம் எடுப்போம் என்று குடும்பம் முதல் நாளே அறிவித்துவிட்டது. பேச்சுவார்த்தை எப்படிப் போனது என்று 2024 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. தொலைக்காட்சித் தொடர், பாண்டின் மேலதிகாரியின் செயலாளராக வரும் மணிபென்னியை வைத்துத் தனிக்கதை என்று அமேசான் தரப்பு யோசனைகளை அடுக்கியதாம். பாண்டை 'கன்டென்ட்' என்று ஓர் அதிகாரி சொன்னதிலேயே பார்பராவுக்கு மனம் விட்டுப்போனதாம். கிடைத்தது 2023-இல் வந்த ஒரு சாகசப் போட்டி நிகழ்ச்சி மட்டும்.

ஆர்வம் இழந்தார் என்று பார்பராவைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சால்ட்ஸ்மனுக்கு ஆர்வம் போனது, கூடவே பணமுடை. பார்பராவுக்குப் பணமுடை இல்லை. அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் கையெழுத்துப் போடாமல் இருப்பது. அந்த ஆயுதத்தின் விசித்திரம் என்னவென்றால், அதைப் பிடித்திருக்கும்வரை படம் எடுக்க முடியாது. ஆர்வம் இருந்தும் வேலை செய்யாமல் இருக்கும் நிலை இரண்டு மூன்று வருடம் தொடர்ந்தால் ஆர்வமே வற்றிவிடும். எது முதலில் வந்தது, சலிப்பா பிடிவாதமா என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பிடிபடாது. உள்ளே இருக்கிறவருக்குமே பிடிபட்டிருக்குமா என்பது என் சந்தேகம்.

இதற்கிடையே 'டில்' மாதிரியான படங்கள், மேடை நாடகங்கள் என்று அவர் வேறு பக்கம் உற்சாகமாகவே வேலை செய்தார். 2024 நவம்பரில் அண்ணன் தங்கை இருவருக்கும் ஆஸ்கர் அகாடமியின் தால்பெர்க் விருது கிடைத்தது. 1982-இல் அப்பா வாங்கிய அதே விருது. மூன்றே மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசவில்லை. ஃபிளெமிங் இறந்தது 1964 ஆகஸ்டில். எழுத்தாளர் இறந்து 70 வருடம் என்பது பிரிட்டனின் காப்புரிமைக் கணக்கு. அங்கே அவருடைய நாவல்கள் 2035 பிறக்கும்போது பொதுவுடைமை ஆகிவிடும். கனடாவில் 50 வருடக் கணக்கு இருந்த காலத்திலேயே ஆகிவிட்டன. இந்தியாவில் 60 வருடம். அதாவது அவர் தன் வாழ்நாளில் வெளியிட்ட நாவல்கள் 2025 ஜனவரி 1 முதல் இங்கே யாருக்கும் சொந்தமில்லை. தமிழில் மொழிபெயர்க்க இனி யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. படங்கள் உருவாக்கிய இசை, துப்பாக்கிக் குழல் வழியே பார்க்கும் தொடக்கக் காட்சி, 007 சின்னம் இவற்றின் மீதான காப்புரிமையும் வணிகச் சின்ன உரிமைகளும் வேறு. அவற்றை யாரும் தொட முடியாது. ஆனால் கதாபாத்திரத்தைச் சுற்றிப் போட்ட வேலி ஒவ்வொரு வருடமும் சாய்கிறது. கையெழுத்துப் போடாமல் இருக்கும் உரிமைக்கும் அதோடு மதிப்பு குறையும். 2022-இல் பத்துப் பன்னிரண்டு வருடம் கையில் இருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில் அது இரண்டு படத்துக்கான நேரம். விற்பதென்றால் இப்போதுதான் விற்கவேண்டும் என்று குடும்பத்தின் வக்கீல்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இப்போது நிலைமை 1975-இன் தலைகீழ். அன்று தயாரிப்பாளர் ஒருவர் விலக, ஸ்டுடியோ பணம் மட்டும் போடும் பங்காளியாக உள்ளே வந்தது; முடிவெல்லாம் குடும்பத்திடம். இன்று முடிவெல்லாம் ஸ்டுடியோவிடம். குடும்பம் பங்கு மட்டும் வாங்கும் பங்காளி. 2025 மார்ச்சில் ஏமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும் தயாரிப்பாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஒருவர் கிரெய்க் படங்களை சோனி விநியோகித்த காலத்தில் அதன் தலைமையில் இருந்தவர். மற்றவர் ஹாரி பாட்டர் படங்களைத் தயாரித்தவர். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் இருவரும் பொறுப்புக்கு அமர்த்தப்பட்டவர்கள். அவர்களுக்குச் சலித்தால் வேறு இருவரை அமர்த்தலாம். அதே மாதம், அமேசான் தரப்பில் இந்தப் பேரத்தைப் பார்த்த ஜெனிஃபர் சால்கி பதவி விலகினார். ஜூனில் இயக்குநராக டெனி வில்நெவ் அறிவிக்கப்பட்டார். பின்னர் திரைக்கதைக்கு ஸ்டீவன் நைட்.

வில்நெவ்வுக்கு அதற்கு முன் முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருந்தது. 'டூன்' மூன்றாம் பாகத்துக்கு ஒப்புக்கொண்ட வெளியீட்டுத் தேதி 2026 டிசம்பர். காத்திருந்தது போதும் என்று விலை கொடுத்து வாங்கிய அமேசானும், வாங்கிய பிறகு வரிசையில்தான் நிற்கவேண்டியிருந்தது.